ஒரு டேக், ஆறு நாள், அரை டன் மூஸ்

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் மூஸ் வேட்டைக்கான பெர்மிட்டைக் குலுக்கலில்தான் தருகிறார்கள் என்று சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி “எனக்கு எப்போது விழும்?” என்று கேட்கின்றன. விழுந்தால் என்ன செய்வது என்று கேட்டவர்கள் சிலர்தான். அவர்களுக்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம். கட்டணங்கள் மாறக்கூடியவை, பணம் கட்டும் முன் மாநில வனவிலங்குத் துறையின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

“கடமான் சுடுவதற்கு லாட்டரியா? அவ்வளவு மான் இருக்கும்போது எதற்கு இந்தக் கட்டுப்பாடு?” (வாசகர், கோவை)

முதலில் பெயரைத் தீர்த்துவிடுவோம். கடமான் நம் மலைக்காட்டு விலங்கு. நெல்லை, குமரிப் பக்கம் மிளா என்பார்கள். மூஸ் வேறு. மான் குடும்பத்திலேயே பெரியது அதுதான். நன்கு வளர்ந்த ஆணின் தோள் ஆறடி உயரம் வரும், எடை 450 கிலோவைத் தொடும். கொம்பு முறம்போல விரிந்து, ஓரத்தில் விரல் விரலாக நீண்டிருக்கும். தமிழிலும் மூஸ் என்றே எழுதினால் குழப்பமில்லை.

மெய்னில் 1935-ல் மூடப்பட்ட மூஸ் வேட்டை, 1980-ல் 700 பெர்மிட்டுகளோடு சோதனையாகத் திறந்தது. 1982 முதல் ஆண்டுதோறும் நடக்கிறது. அதை நிறுத்தலாமா என்று 1983-ல் மக்கள் வாக்கெடுப்பே நடந்து, தொடரட்டும் என்று முடிவானது. இன்று அங்கே பல்லாயிரம் மூஸ் இருக்கின்றன. ஆண்டுக்குத் தரும் பெர்மிட் சுமார் 4,000. கேட்பவர்களோ அதைப்போலப் பல மடங்கு. ஆகவே குலுக்கல்.

எத்தனை பெர்மிட் என்பதை உயிரியலாளர்கள் மண்டலம் மண்டலமாக, ஆணுக்கு இத்தனை, பெண்ணுக்கு இத்தனை என்று வகுக்கிறார்கள். எப்போதும் பெர்மிட்டைக் குறைப்பது மட்டுமே நோக்கம் என்று நினைக்க வேண்டாம். குளிர்கால உண்ணி ஒரே கன்றின் மேல் பத்தாயிரக்கணக்கில் ஏறி, வசந்தம் வருவதற்குள் ரத்தத்தை உறிஞ்சிக் கொன்றுவிடுகிறது. மூஸ் நெருக்கம் குறைந்தால் உண்ணியும் குறையுமா என்று பார்ப்பதற்காகவே 4-ஆம் மண்டலத்தின் ஒரு பாதியில் 2021 முதல் பெண் மூஸ் பெர்மிட்டைக் கூட்டிக் கொடுத்தார்கள்.

“மூன்று வருடமாக விண்ணப்பிக்கிறேன், விழவில்லை. புள்ளி சேர்ந்தால் ஒருநாள் கட்டாயம் கிடைத்துவிடும் என்கிறார் நண்பர். சரியா?” (வாசகர், எடிசன், நியூ ஜெர்சி)

மெய்னைப் பொறுத்தவரை சரியில்லை. விழாத வருடங்களுக்குப் புள்ளி தரும் முறை இரண்டு வகை. ஒன்று வரிசை முறை: அதிகப் புள்ளி வைத்திருப்பவருக்கு முதலில், அடுத்தவருக்குப் பிறகு. கனடாவின் ஒன்டாரியோவில் 2021-ல் வந்த முறை இந்த வகை. மற்றது சீட்டு முறை: ஒவ்வொரு புள்ளிக்கும் பானையில் ஒரு சீட்டு கூடுதலாக விழும், அவ்வளவுதான். மெய்ன் இரண்டாவது வகை. இருபது வருடம் காத்திருப்பவரைத் தாண்டி, முதல் வருடம் போட்டவருக்கு விழலாம், விழவும் செய்கிறது.

தோற்ற வருடங்களுக்குப் புள்ளி இப்படி ஏறும்: முதல் ஐந்து வருடம் ஆண்டுக்கு 1, ஆறு முதல் பத்து வரை ஆண்டுக்கு 2, பதினொன்று முதல் பதினைந்து வரை 3, பதினாறாம் வருடத்திலிருந்து ஆண்டுக்கு 10. பதினைந்து வருட முடிவில் 30 புள்ளி, பதினாறாவதில் ஒரே தாவலில் 40. ஒரு வருடம் விட்டுவிட்டால் புள்ளி போகாது. அடுத்தடுத்து இரண்டு வருடம் விட்டால் போய்விடும். இந்த இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கைப்பேசியில் ஏப்ரல் மாதத்துக்கு ஒரு நினைவூட்டல் போட்டு வையுங்கள். விண்ணப்பம் வசந்தத்தில் திறந்து மே நடுவில் மூடும், குலுக்கல் ஜூனில்.

நீங்கள் வெளிமாநிலத்தவர் என்பதால் இரண்டு வேறுபாடுகள். மாநிலத்தவர் 15 டாலருக்கு ஒரே சீட்டுதான் வாங்க முடியும். நீங்கள் 15 டாலருக்கு 1, 25-க்கு 3, 35-க்கு 6, 55-க்கு 10 என்று வாங்கலாம். பத்துச் சீட்டுக் கட்டுகளை ஒன்றுக்கு மேலும் வாங்க இடமுண்டு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வெளிமாநிலத்தாருக்கென்று ஒதுக்கும் பெர்மிட் நூற்றுக்குப் பத்தைத் தாண்டாது. எல்லாரும் கட்டுக் கட்டாக வாங்கும் பானையில் ஒற்றைச் சீட்டு போடுவது ஆற்றில் போட்ட பெருங்காயம். போடுவதானால் ஒரு பத்துக் கட்டு, ஆண்டு தவறாமல். அதற்கு மேல் செலவழிப்பதை எங்களால் பரிந்துரைக்க முடியாது. அந்தக் காசு இறைச்சிச் செலவுக்கு வேண்டியிருக்கும்.

விழுந்தால் பெர்மிட் கட்டணம் வெளிமாநிலத்தாருக்கு 585 டாலர், மாநிலத்தவருக்கு 52. அதற்கு மேல் பெருவிலங்கு வேட்டை லைசென்ஸ் தனி. அந்த லைசென்ஸ் வாங்க, வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழோ, முன்பு எங்காவது வைத்திருந்த வேட்டை லைசென்ஸோ காட்ட வேண்டும். இரண்டும் இல்லாதவர் ஜூனில் பெயர் வந்த பிறகு பயிற்சி வகுப்பைத் தேடி அலையாமல், விண்ணப்பிக்கும் முன்பே முடித்துவிடுவது நல்லது.

“விண்ணப்பத்தில் மண்டலம், பருவம், ஆணா பெண்ணா என்று வரிசை கேட்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு டிக் செய்யலாமா?” (வாசகி, பாஸ்டன்)

கூடாது. உங்கள் வேட்டைத் திட்டத்தில் முக்கால்வாசி அந்த டிக்குகளில்தான் இருக்கிறது. கைடு, துப்பாக்கி, ஐஸ்பெட்டி எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

கணினி முதலில் பெயரை எடுக்கிறது. பிறகு அந்தப் பெயருக்குரியவர் கேட்ட வரிசையில் மேலிருந்து கீழாக எது மிச்சமிருக்கிறது என்று பார்க்கிறது. உங்கள் பட்டியலில் எதுவுமே மிச்சமில்லை என்றால் கடைசியாக ஒரு கேள்வி: வேறு எது கிடைத்தாலும் ஏற்பீர்களா? ‘ஆம்’ என்று போட்டிருந்தால் நீங்கள் கேட்காத மண்டலமும் பருவமும் தலையில் விழும். ‘இல்லை’ என்றால் அடுத்த பெயருக்குப் போய்விடும். புள்ளி சேர்த்த கோபத்தில் ‘ஆம்’ போட்டுவிட்டுப் பிறகு முழிப்பவர்கள் உண்டு. பெர்மிட் வென்றவர் மீண்டும் விண்ணப்பிக்கச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்; சேர்த்த புள்ளியும் சுழியாகிவிடும். வேண்டாத பெர்மிட்டுக்காக அதைச் செலவழிப்பது வீண். இன்னொரு வெற்றியாளருடன் மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. ஆனால் நல்லதை வைத்திருப்பவர் எதற்கு மாற்றப்போகிறார்?

பருவங்கள் ஆறு ஆறு நாள். திங்களில் தொடங்கிச் சனியில் முடியும். மெய்னில் ஞாயிற்றுக்கிழமை வேட்டை கிடையாது. செப்டம்பர் கடைசி வாரம் ஆண் மூஸ் இணைதேடும் உச்சத்தை ஒட்டி வருகிறது. அழைத்தால் பதில் சொல்லும், சில சமயம் நேரே நடந்து வரும். எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான், அதனால் இதுதான் முதலில் தீர்ந்துபோகும். இதன் எதிரி வெயில். அந்த வாரத்தில் பகல் 20 டிகிரியைத் தாண்டினால் மூஸ் நிழலில் படுத்துவிடும், இரவில்தான் நடமாடும். சுட்டுவிட்டாலோ இறைச்சியைக் காப்பாற்றுவது ஓட்டப்பந்தயம்.

அக்டோபர் வாரத்தில் இணைதேடல் அடங்கத் தொடங்கியிருக்கும், ஆனாலும் அழைப்புக்கு வருபவை உண்டு. இலை உதிர்ந்து பார்வை தூரம் கூடும், குளிரும் துணை. எங்கள் கணிப்பில், ஆணும் வேண்டும், இறைச்சியும் கெடக்கூடாது என்பவருக்கு இதுவே முதல் தேர்வு. கொம்பு தேவையில்லை, அரைவருடச் சமையலுக்கு இறைச்சி போதும் என்றால் அக்டோபர் பிற்பகுதியிலும் அதற்குப் பின்னும் வரும் பெண் மூஸ் பெர்மிட்டைக் கேளுங்கள். போட்டி குறைவு, இறைச்சி மென்மை. இங்கே அழைப்பு எடுபடாது. வெட்டிச் சில வருடம் ஆகித் துளிர்விட்ட மரக்காட்டு ஓரங்களைக் காலையிலும் மாலையிலும் தேடி நடக்க வேண்டியிருக்கும்.

மண்டலம் பற்றி: வடமேற்கு மூலையில் உள்ள 1, 2, 4, 5 போன்றவை மர நிறுவனங்களின் காடு. மூஸ் அதிகம், மண் சாலை அதிகம், கைப்பேசிச் சிக்னல் கிடையாது. நுழையும் சோதனைச் சாவடியில் நாள் கணக்கில் கட்டணம். 3, 6 கிழக்கே உருளைக்கிழங்கு வயல்களை ஒட்டியவை. சாலையும் ஊரும் பக்கம், ஆனால் நிலம் தனியாருடையது. சொந்தக்காரரிடம் முன்பே அனுமதி கேட்க வேண்டும். தெற்கே 15-ஆம் மண்டலம் போன்ற இடங்களில் நவம்பரில் ஏறக்குறைய மாதம் முழுவதும் திறந்திருக்கும். ஆறு நாள் அவசரம் இல்லை, மூஸும் அவ்வளவாக இல்லை. பக்கத்தில் வசித்து, வார இறுதிகளில் போய்வர முடிகிறவருக்கு மட்டும் அது சரி.

இன்னொரு கட்டம்: துணைப் பெர்மிட்காரர். ஒருவரை நீங்கள் குறிப்பிடலாம், அவரும் துப்பாக்கியோடு உங்கள் கூடவே வேட்டையாடலாம். இருவருக்கும் சேர்த்து மூஸ் ஒன்றுதான். 

“எச்-1பி விசாவில் இருக்கிறேன். குலுக்கலில் விழுந்தால் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா? கைடு தன் துப்பாக்கியைத் தருவதாகச் சொல்கிறார்.” (வாசகர், நாஷுவா, நியூ ஹாம்ப்ஷயர்)

இந்தக் கேள்விக்குச் சோம்பலாகப் பதில் சொல்ல முடியாது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது குற்றம். இதற்குள்ள விதிவிலக்குகளில் ஒன்று, அமெரிக்க மாநிலம் ஏதேனும் ஒன்று சட்டப்படி வழங்கிய, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது. கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை கிடையாது.

கவனிக்க வேண்டியது ‘வைத்திருப்பது’ என்ற சொல். சொந்தத் துப்பாக்கியா என்பது கேள்வியே இல்லை. கைடின் துப்பாக்கியை உங்கள் தோளில் மாட்டிக்கொண்டாலும் வைத்திருப்பதுதான். பயிற்சிக்காக சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்தாலும் அப்படியே. ஆகவே முதலில் லைசென்ஸ், பிறகு துப்பாக்கி. மெய்ன் லைசென்ஸ் டிசம்பர் 31-ல் காலாவதியாகிறது. அக்டோபரில் வாங்கிய ரைபிள் ஜனவரியிலும் வீட்டு அலமாரியில் இருந்தால், அந்த ஒரு நாளிலேயே நீங்கள் விதிவிலக்குக்கு வெளியே வந்துவிடுவீர்கள். புதுப்பித்த லைசென்ஸ் இல்லாமல் புத்தாண்டைக் கடக்காதீர்கள்.

குடியுரிமை இல்லாதவருக்கு மெய்னில் லைசென்ஸ் வகையும் கட்டணமும் வேறு, விண்ணப்பத்தில் சரியான கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். துப்பாக்கிக் குற்றம் குடிவரவு வழக்காகவும் மாறக்கூடியது. ஒருமுறை வழக்கறிஞரிடம் கேட்டு எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது மிகையல்ல.

“கைடு கட்டாயமா? எப்போது பேச வேண்டும்? என்ன கேட்க வேண்டும்?” (அதே பாஸ்டன் வாசகி)

மூஸ் வேட்டைக்குப் புதியவருக்கு, கைடு வேண்டும் என்பதே எங்கள் பதில். காரணம் சுடுவதல்ல, தூக்குவது. அதைப் பிறகு பார்ப்போம். மெய்னில் காசு வாங்கிக்கொண்டு வேட்டைக்கு அழைத்துப்போகிறவர் அரசிடம் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். இந்தப் பதிவு 1897-ல் தொடங்கியது, முதல் பதிவு பெற்றவர் கொர்னீலியா கிராஸ்பி என்ற பெண். இன்றும் எழுத்துத் தேர்வும் நேர்முகத் தேர்வும் உண்டு. பதிவு எண்ணைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

பேசும் நேரம் ஜூனுக்கு முன். ‘விழுந்தால் மட்டும்’ என்ற நிபந்தனையோடு பெயர் எழுதிக்கொள்ளும் கைடுகள் இருக்கிறார்கள். உங்கள் டிக் வரிசையை அவரிடம் காட்டுங்கள், அவருக்குப் பழக்கமான மண்டலங்களே உங்கள் பட்டியலில் மேலே இருக்கட்டும். 2-ஆம் மண்டலத்துக் கைடைப் பிடித்துவைத்து 8-ஆம் மண்டலப் பெர்மிட்டை வென்றால் இருவருக்கும் பயனில்லை. குலுக்கல் முடிவு வந்த மறுநாளே நல்ல கைடுகளின் செப்டம்பர் வாரம் நிரம்பத் தொடங்கிவிடும்.

கேட்க வேண்டியவை: அந்த வாரத்தில் எத்தனை பெர்மிட்காரர்களை எடுத்திருக்கிறார், ஒரு கைடுக்கு எத்தனை பேர்? திங்களுக்கு முன் எத்தனை நாள் சுற்றிப் பார்த்து வைப்பார்? முதல் நாளிலேயே மூஸ் கிடைத்துவிட்டால் மீதி நாள் கட்டணம் என்ன ஆகும்? விழுந்த இடத்திலிருந்து சாலை வரை கொண்டுவருவது கட்டணத்துக்குள் அடக்கமா? வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி), டிரெய்லர் யாருடையது? இறைச்சி வெட்டுபவரிடம் இடம் சொல்லி வைப்பது யார்? முன்பணம் எப்போது திரும்பும்? கடைசிக் கேள்விக்கு “பார்த்துக்கலாம்” என்று பதில் வந்தால் அடுத்தவரைப் பாருங்கள். ‘உறுதியாகக் கிடைக்கும்’ என்பவரையும்தான்.

உங்கள் பங்குக்கு ஒன்று. எத்தனை தூரம் நடக்க முடியும், எத்தனை மீட்டரில் நம்பிச் சுட முடியும் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். கைடின் திட்டமே அதை வைத்துத்தான்.

“எந்த ரைபிள்?” (வாசகர், டல்லஸ்)

கையில் இருக்கும் .308 அல்லது .30-06 ரக ரைபிள் போதும். 165 முதல் 180 கிரெய்ன் (தோட்டா எடையின் அளவு), உடையாமல் உள்ளே போகும் வகைத் தோட்டா. பெரிய மேக்னம் வாங்கி அதன் உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு சுடுவதைவிட இது மேல். மேசையில் வைத்துச் சுட்டுப் பழகினால் போதாது. குந்தியும், முட்டியிட்டும், கம்பு ஊன்றியும் 100, 150 மீட்டரில் பழகுங்கள்.

பக்கவாட்டில் நிற்கும்போது முன்காலுக்குச் சற்றுப் பின்னால், உடலின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறி. பட்டதும் மூஸ் சாய்ந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். நுரையீரலில் வாங்கியதுகூட ஒன்றும் நடக்காததுபோல் நிற்கும். தப்பிவிட்டதோ என்று நீங்கள் யோசிக்கிற அந்தப் பத்து நொடியில் அது நடந்து சதுப்புக்குள் இறங்கிவிடும். நிற்கும்வரை இரண்டாவதும் சுடுங்கள். இடுப்பளவு நீரில் நிற்பதைச் சுடவே வேண்டாம். முழங்கால் நீரில் 450 கிலோவை அறுப்பது எப்படி என்று யோசித்துப் பார்த்தால் விரல் தானே விலகும்.

“அழைப்பது என்கிறீர்களே, எப்படி?” (வாசகர், எடிசன்)

பிர்ச் மரப்பட்டையை ஒரு முழ நீளக் கூம்பாகச் சுருட்டி அதில் குரல் கொடுப்பது பழைய வழி. குரல் வராதவர்களுக்குத் தகர டப்பா வழி இருக்கிறது. காலி காப்பி டப்பாவின் அடியில் ஆணித் துளை ஒன்று; அதன் வழியே பருத்தி ஷூ கயிறு; உள்பக்கம் முடிச்சு. கயிற்றை நனைத்து, இரண்டு விரலால் இறுகப் பிடித்து மெல்ல இழுத்தால் டப்பா ஒரு பெண் மூஸ் மாதிரி முனகும். நைலான் கயிறு வழுக்கும், சத்தம் வராது.

காற்று அசையாத விடியலில், ஆறேழு நொடி நீளும் முனகல் இரண்டு. தொடக்கத்தில் தாழ்ந்து, நடுவில் எழுந்து, முடிவில் இறங்க வேண்டும். பிறகு கால் மணி நேரம் மௌனம். இந்த மௌனத்தைத்தான் புதியவர்களால் தாங்க முடிவதில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கத்தித் தீர்த்துவிடுகிறார்கள். ஆண் மூஸ் ஒரு கிலோமீட்டர் தள்ளியிருந்தும் கேட்டிருக்கும், வர நேரம் எடுக்கும். சத்தமே இல்லாமலும் வரும். ஒரே இடத்தில் ஒரு மணி நேரமாவது இருங்கள்.

வருவது நேர்கோட்டில் அல்ல. காற்றுக்குக் கீழ்ப்பக்கமாகச் சுற்றி வந்து முகர்ந்து பார்க்கும். ஆகவே அழைப்பவர் ஓர் இடத்தில், சுடுபவர் ஐம்பது மீட்டர் தள்ளி, அது சுற்றி வரக்கூடிய காற்றுத்தாழ்ந்த பக்கத்தில். இருவரும் ஒரே மரத்தடியில் உட்கார்ந்தால், மூஸ் உங்கள் வாடையைப் பிடித்துத் திரும்பிய பிறகு கிளை முறியும் ஓசை மட்டும் மிஞ்சும். தயங்கி நிற்கும் ஆணை இழுக்க, காய்ந்த தோள்பட்டை எலும்பால் புதரை உரசுவார்கள், வேறோர் ஆண் கொம்பைத் தேய்ப்பதுபோல. குட்டை ஓரமானால் டப்பாவிலிருந்து தண்ணீரைச் சளசளவென்று ஊற்றுவார்கள். எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை.

“இறைச்சியைக் காரில் நியூ ஜெர்சி வரை கெடாமல் கொண்டுவர முடியுமா?” (வாசகி, பிஸ்கடவே)

முடியும். கெடுவது காரில் அல்ல, காட்டில் முதல் சில மணி நேரத்தில்.

குடல் நீக்கிய ஆண் மூஸ் 300 கிலோவை ஒட்டி வரும். எலும்பு நீக்கிய இறைச்சி அதில் பாதியோ சற்று மேலோ. பிரச்சினை பின்தொடையில். தோல் கம்பளி மாதிரி, அதனடியில் ஒரு சாணுக்கு மேல் கனமான தசை, நடுவில் தொடைமூட்டு. வெளியே தொட்டால் குளிர்ந்திருக்கும், மூட்டருகே உடல் சூடு அப்படியே நிற்கும். அங்கேதான் முதலில் ஊசும். மறுநாள் வெட்டும்போது பச்சைச் சாம்பல் நிறமும் நாற்றமும் வந்தால் அந்தத் தொடையில் பெரும்பகுதி குப்பைக்குத்தான்.

ஆகவே வரிசை இது. முதலில், நகர்த்தும் முன் டேக்கை (அடையாளச் சீட்டை) அதன்மேல் கட்டுங்கள், சட்டம் அது. படம் எடுப்பதைப் பத்து நிமிடத்தில் முடியுங்கள். குடலை நீக்கும்போது கத்தி முனை மேல்நோக்கி, விரல் மறைப்பாக. வயிற்றுப் பையும் சிறுநீர்ப்பையும் கிழியக்கூடாது. கிழிந்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் அந்தப் பகுதியைச் செதுக்கி எறியுங்கள். இன்றே சாலைக்குக் கொண்டுபோக முடியாது, அல்லது வெயில் அடிக்கிறது என்றால், அங்கேயே தோலுரித்து நாலு கால்களையும் தனித்தனியாகப் பிரித்து, பருத்தித் துணிப்பைகளில் போட்டு, நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். பின்தொடையில் எலும்பை ஒட்டி நீளவாக்கில் ஒரு ஆழக் கீறல் போட்டால் சூடு வெளியேறும். பிளாஸ்டிக் பை கூடவே கூடாது, புழுங்கிவிடும். ஆணா பெண்ணா என்று காட்டும் அடையாளம் உடலோடு இருக்கட்டும்.

இருவர் சேர்ந்தால் மூன்று, நாலு மணி நேர வேலை. கையில் இருக்க வேண்டியவை: மூன்று கத்தி (தோலில் மணல் இருக்கும், ஒன்று சீக்கிரம் மழுங்கும்), சிறு ரம்பம், எட்டுத் துணிப்பை, இரண்டு தார்ப்பாய், அறுபது எழுபது மீட்டர் கயிறு, கப்பி, கையால் இழுக்கும் வின்ச், நெற்றி விளக்கு இரண்டு. வண்டிக்கு முழு அளவு ஸ்டெப்னி இரண்டு. அந்த மண் சாலைக் கற்கள் டயரைக் கிழிக்கும். மர லாரி வந்தால் ஓரம் கட்டுங்கள், வழி அவர்களுடையது.

பிறகு பதிவு நிலையம். பல் ஒன்றைப் பிடுங்கி வயது பார்ப்பார்கள், கொம்பை அளப்பார்கள், சில இடங்களில் உண்ணி எண்ணுவார்கள். அது முடிந்தபின் வெட்டுபவரிடம் கொடுங்கள், அல்லது நீங்களே எலும்பு நீக்குங்கள். பருவ வாரத்தில் வெட்டுபவர்களின் குளிர் அறை நிரம்பிவிடும், ஆகஸ்டிலேயே இடம் சொல்லிவையுங்கள்.

காருக்கு 120 லிட்டர் கூலர் மூன்று அல்லது நாலு. வெறும் ஐஸ்கட்டி போட்டால் உருகிய நீரில் இறைச்சி ஊறி வெளுத்துப்போகும். இரண்டு லிட்டர் பாட்டில்களில் தண்ணீரை உறையவைத்து அடியிலும் இடையிலும் அடுக்குங்கள், வடிகால் துளையைத் திறந்து வையுங்கள். உள்ளே 4 டிகிரிக்குக் கீழே இருந்தால் பத்துப் பன்னிரண்டு மணி நேரப் பயணம் ஒன்றும் செய்யாது.

வீட்டுக்கு வந்த பிறகு ஒன்று. ஈரல் வறுவல் ஆசையை விட்டுவிடுங்கள். மூஸின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் காட்மியம் சேர்ந்திருப்பதால் அவற்றை உண்ண வேண்டாம் என்பது மெய்ன் அரசின் அறிவுரை. இதயம், நாக்கு எடுத்துக்கொள்ளலாம். வெள்ளைக் கொழுப்பை முழுக்கச் செதுக்கிவிடுங்கள், ஆறினால் மெழுகுபோல் அண்ணத்தில் ஒட்டும். நல்லி எலும்பை மிளகு தூக்கலாகக் குக்கரில் போட்டால் ஆட்டு நல்லியைவிட இரண்டு விசில் கூட வேண்டும்.

“டொரன்டோவில் இருக்கிறேன். குலுக்கல், புள்ளி எதுவும் வேண்டாம். காசு கொடுத்தால் நடக்கிற இடம் உண்டா?” (வாசகர், ஸ்கார்பரோ)

கனடாவின் கிழக்குக் கரைத் தீவான நியூஃபவுண்ட்லாந்து. குலுக்கல் அந்த மாகாணத்தவருக்குத்தான். வெளியிலிருந்து வருகிறவர் உரிமம் பெற்ற விடுதிக்காரர் மூலம் லைசென்ஸ் வாங்கிக் கைடோடு போக வேண்டும். கனடாவின் வேறு மாகாணத்தவருக்கும் இதே விதி. தீவில் மூஸ் ஆதியில் கிடையாது. 1904-ல் நியூ பிரன்ஸ்விக்கிலிருந்து கொண்டுவந்து விட்ட நாலு மூஸ்தான் இன்றைய பெருங்கூட்டத்தின் மூலம் என்பார்கள். ஓநாயும் அழிந்துவிட்டதால் தடையில்லாமல் பெருகியது. உங்களுக்குத் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமமும் வேட்டைப் பயிற்சிச் சான்றும் வேண்டும். நோவா ஸ்கோஷியாவின் நார்த் சிட்னியிலிருந்து கப்பலில் காரோடு போனால் இறைச்சியைத் திருப்பிக் கொண்டுவருவது எளிது. விமானம் என்றால் எடைக் கட்டணத்தைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

“அலாஸ்கா?” (அஞ்சலட்டையில் ஒற்றைச் சொல், ஊர் பெயர் மழையில் அழிந்திருக்கிறது)

அமெரிக்கக் குடிமகனானால் அங்கே மூஸுக்குக் கைடு கட்டாயமில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் எந்தப் பெருவிலங்குக்கும் கைடோடுதான் போக வேண்டும். குலுக்கல் விண்ணப்பம் நவம்பர் 1 முதல் டிசம்பர் 15 வரை. வெளியூர்க்காரர் சுடும் ஆண் மூஸுக்குப் பல இடங்களில் கொம்பு 50 அங்குல அகலம் இருக்க வேண்டும், அல்லது நெற்றிப் பக்கக் கிளைகள் குறைந்தது இத்தனை என்ற கணக்கு வர வேண்டும். தூரத்தில் நிற்கும்போது 48-ஐயும் 50-ஐயும் பிரித்தறிவது கைடுக்கே கஷ்டம், சந்தேகம் வந்தால் விட்டுவிடுவார். சிறு விமானத்தில் இறங்கிய அதே நாளில் சுடக்கூடாது. கொம்பைத் தூக்கிக்கொண்டு முதலில் கிளம்பவும் முடியாது. கழுத்து, விலா உட்பட இறைச்சி எல்லாம் காட்டை விட்டு வெளியேறிய பிறகே கொம்பு.